வெடிக் கவுண்டரின் எட்டு விரல் பியானோ

சேலம் ஜில்லாவில் அந்தக் காலத்தில் பியானோ வாசித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படி எண்ணுவதற்கு வேண்டிய விரல்கள்கூட முழுசாக இல்லாத ஒரு மனிதர் அவர்களில் இருந்தார். அவரைப் போல ஒரு மாணவர் பியானோவுக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, இனிமேலும் கிடைக்கப்போவதில்லை.

அவருக்கு வெடிக் கவுண்டர் என்று பெயர். எருமப்பட்டிக்காரர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். அது அவர் மனைவிக்குத் தெரியும், ஆனால் புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது. மற்றவர்களுக்குத் தெரியாது. நாமக்கல் பக்கத்தில் கிணறு வெட்டினால் பத்தடி மண் போனதும் பாறை வரும். பாறை வந்ததும் கவுண்டரைக் கூப்பிடுவார்கள். கடப்பாறையால் அங்கங்கே தட்டிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், குழி போடச் சொல்லி மருந்தைக் கெட்டித்துத் திரி வைப்பார். பற்ற வைத்துவிட்டு மேலே ஏறி ஓடி வருவார். பாறை உடையும். சொந்தமாகக் காடு தோட்டம் எல்லாம் இருந்தும் இந்த வேலையை அவர் விடவில்லை. "உள்ள என்ன இருக்குதுன்னு பாக்காம எப்படீங்க இருக்கறது" என்பார்.

அந்த வேலைதான் அவருடைய இடது கையில் சுண்டு விரலையும் மோதிர விரலையும் வாங்கிக்கொண்டது.

நான் அப்போது சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், வயது இருபத்து நாலு. காலைப் பிரார்த்தனைக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்த டீச்சர் கல்யாணமாகி ரங்கூனுக்குப் போய்விட்டார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, மூன்று வருஷத்துக்குள் நான் வாசிக்கக் கற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம் என்றார். கற்றுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சூரமங்கலத்தில் டோரா மிஸ் என்று ஒருவர் கற்றுக்கொடுக்கிறார் என்று விலாசம் மட்டும் கொடுத்தார்.

டோரா மிஸ் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. ரயில்வேயில் கார்டாக இருந்தவரின் விதவை. ஜங்ஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு, முன்னால் வராந்தா, கூடத்தில் பியானோ. தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் அதைத் தண்டவாளம் போடுகிற ஆட்களிடமும் காய்கறிக்காரிகளிடமும் கற்றுக்கொண்டவர். ஆகையால் அவர் தமிழில் மரியாதை என்பதே கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் வந்தாலும் "வா, உக்காரு, என்ன வேணும் உனக்கு" என்பார். மனத்தில் எந்த அவமரியாதையும் இருக்காது. அந்தச் சொற்கள் அவருக்கு வந்து சேரவே இல்லை, அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு நேரத்துக்கு ஒரு ஆள். கூடத்துக்குள் அவரும் மாணவரும் தவிர மூன்றாவது ஆள் இருக்கக் கூடாது. ஏன் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "ரெண்டு பேர் இருந்தா ஒருத்தன இன்னொருத்தன் ஜெயிக்கப் பாப்பான். பாட்டு எங்க போகும்?" என்றார்.

முதல் புதன்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. என் பாடம் நாலுக்கு. வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே யாரோ பியானோவின் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தார்கள். டொங். டொங். டொங். ஏதோ குழந்தை என்று நினைத்தேன். நாலேகால் ஆயிற்று. நாலரை ஆயிற்று. கதவு திறந்தது. ஆறடி உயரத்தில், காதில் கடுக்கன், தலையில் பெரிய உருமால், மீசை நரைத்த ஒரு குழந்தை வெளியே வந்தது.

என்னைப் பார்த்துக் கும்பிட்டது. "மன்னிச்சுக்கோணுமுங்க சாமி. உங்க நேரத்துல அரைமணி நான் தின்னுபோட்டனுங்க" என்றது.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் என் நேரத்தைத் தின்றார். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டார்.

அவர் பியானோவிடம் வந்து சேர்ந்த கதையை டோரா மிஸ் எனக்குச் சொன்னார். பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீர் குழாய் வழியாக டவுனுக்கு வரும், மிஸ்ஸின் வீட்டு மூலைக்கு எட்டாது. வீட்டுக் கிணறு வறண்டுவிட்டது. ஆழப்படுத்தக் கவுண்டர் வந்தார். மிஸ் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு, பியானோவின் மேல் இரண்டு ரஜாய்களைப் போர்த்திவிட்டு, தானும் மேஜைக்கடியில் உட்கார்ந்துகொண்டார். வெடி வெடித்தது. வீடு குலுங்கியது. குலுக்கல் நின்ற பிறகு, ரஜாய்க்குள்ளிருந்து மெல்லிய ஒரு ரீங்காரம் வந்தது. யாரும் தொடாமல் பியானோ தானாகப் பாடிக்கொண்டிருந்தது.

தூசியோடு தூசியாகக் கவுண்டர் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, உள்ள யாருங்க பாடுனது?"

"யாரும் இல்ல. நீ வெடி வச்ச, அது பாடிச்சு."

"எதுங்க?"

மிஸ் ரஜாயை எடுத்துக் காட்டினார். கவுண்டர் பெட்டியைச் சுற்றி வந்தார். முதுகுப் பக்கம் போய்த் தட்டினார். அடியில் குனிந்து பார்த்தார். "இதத் தொறக்கலாமுங்களா?" என்று கேட்டார். மேல்மூடியைத் திறந்து காட்டியதும் உள்ளே இருந்த கம்பிகளையும் சின்னச் சின்னச் சுத்தியல்களையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றார். பிறகு வெளியே போய், தேவையே இல்லாமல் இன்னும் மூன்று சின்ன வெடி வைத்தார். ஒவ்வொரு வெடிக்கும் பியானோ என்ன சொல்கிறது என்று மிஸ் அதன் பக்கத்தில் நின்று கேட்டு அவரிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது வெடிக்குப் பிறகு மிஸ் இனிமேல் வெடி வைத்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"அப்படீன்னா எனக்கு இதச் சொல்லிக் குடுத்துருங்க அம்மணி" என்றார் கவுண்டர்.

மிஸ் அவர் கைகளை நீட்டச் சொன்னார். பார்த்தார். "பத்து விரல் இருக்கிறவங்களே அழறாங்க மேன். உன்கிட்ட எட்டுதான் இருக்கு" என்றார்.

"எட்ட வெச்சு ஆரம்பிப்போமுங்க. பத்தாட்டி அப்பறம் பாத்துக்கலாம்."

மிஸ்ஸுக்கு அந்தச் சிலேடை புரிந்திருக்காது. புரியாமலே சரி என்றுவிட்டார்.

அப்படிச் சரி என்றதில் ஒரு பெரிய வேலை இருந்தது. பியானோப் புஸ்தகங்களை எழுதிய எவரும் எட்டு விரல் கவுண்டர்களை நினைத்து எழுதவில்லை. இடது கையில் சுண்டு விரல்தான் அடித்தளத்து ஸ்வரங்களைத் தாங்க வேண்டும். அது இல்லை. ஆகையால் மிஸ் ஒவ்வொரு பாடத்தையும் கோடு போட்ட காகிதத்தில் தன் கையாலேயே புதிதாக எழுதினார். எந்த ஸ்வரத்தை எந்த விரல் எடுப்பது, எதை வலது கைக்குத் தள்ளிவிடுவது, எதை விட்டுவிட்டால் காது கண்டுபிடிக்காது என்று வாரம் முழுக்க உட்கார்ந்து யோசிப்பார். யோசிக்கும்போது தன் இடது கையின் இரண்டு விரல்களைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு வாசித்துப் பார்ப்பார். கைக்குட்டை கட்டிய கையோடு காய்கறிக்காரியிடம் பேரம் பேசுவதை நானே பார்த்திருக்கிறேன்.

கவுண்டரோ கேள்வி கேட்டே மிஸ்ஸை வாட்டினார்.

"ஏனுங்க அம்மணி, இந்தக் கறுப்புக் கட்டையெல்லாம் ஏன் ரெண்டு, மூணு, ரெண்டு, மூணுன்னு நிக்குது? நடுவுல ஒண்ணு செத்துப்போச்சுங்களா?"

"அது அப்படித்தான்."

"அப்படித்தான்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கோணுமே."

மிஸ் முப்பது வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறவர். யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. அன்று என் பாடத்தில் அவர் கவனமே இல்லை. அடுத்த புதன்கிழமை கவுண்டர் உள்ளே நுழைந்ததும், "கண்ண மூடு. கட்டை மேல கைய வை. இப்ப எங்க இருக்க?" என்று கேட்பது வராந்தாவில் கேட்டது. பிறகு கவுண்டரின் குரல்.

"மூணு தட்டுப்படுதுங்க. அதுக்கு இந்தப் பக்கம் ரெண்டு. அட, இருட்டுக்குள்ள படி வெச்சாப்பல இருக்குதுங்களே. எல்லாம் ஒரே மாதிரி வரிசையா இருந்தா எங்க நிக்கறம்னே தெரியாதுங்களே."

"அதான்" என்றார் மிஸ். அந்த 'அதான்'இல் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபோது, நானும் இதையே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன், ஏன் கேட்கவில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொரு நாள் இடது கையும் வலது கையும் ஏன் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும் என்று சண்டைக்கு நின்றார். ஏரில் பூட்டிய இரண்டு மாடும் ஒரே பக்கம்தானே போகின்றன என்பது அவர் வாதம். மிஸ் யோசித்து, "ஒரு மாடு இழுக்கும். இன்னொண்ணு பாடிக்கிட்டே வரும்" என்றார். கவுண்டருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அப்படி ஒரு மாடு கிடைத்தால் தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

ஒரு புதன்கிழமை அவர் கொண்டுவந்த துணிப்பையைப் பியானோவின் மேல் வைத்துவிட்டுப் பாடத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். பாடம் முடிகிற சமயத்தில்தான் மிஸ் கேட்டார், "பையில என்ன?"

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. டவுன்ல வாங்கினதுங்க. வெடிமருந்து."

மறுவாரத்திலிருந்து பை வெளியே இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. கவுண்டர் அதை மிகவும் பத்திரமான இடத்தில் வைத்தார். நான் உட்காரும் பெஞ்சுக்கு அடியில். இது எனக்குத் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று.

அவர் வீட்டில் பியானோ கிடையாது. என்னிடமும் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பியானோவைப் பிரார்த்தனை நேரம் தவிர மற்ற நேரத்தில் பூட்டி வைத்திருப்பார்கள். நான் மேஜைமேல் விரலால் தட்டிப் பழகுவதைக் கவுண்டர் பார்த்துவிட்டார். கயிறும் முழக்கோலும் கொண்டுவந்து மிஸ்ஸின் பியானோக் கட்டைகளை அளந்துகொண்டு போனார். மூன்றாவது வாரம் வேப்பம்பலகையில் அச்சு அசலாகக் கட்டைகள் செதுக்கி, கறுப்புக்கு மை பூசி, இரண்டு பலகை செய்து கொண்டுவந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

"சத்தம் வராதுங்க டீச்சரம்மா. சத்தத்த நாம மனசுல போட்டுக்கோணும்" என்றார்.

அந்தப் பலகையில்தான் நான் கற்றுக்கொண்டேன். எருமப்பட்டியிலோ அந்தப் பலகை பெரிய கலவரத்தை உண்டாக்கிவிட்டது. சாயங்காலமானால் கவுண்டர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, சத்தமே வராத ஒரு கட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறார், நடுவில் தலையை ஆட்டுகிறார், சில சமயம் சரியில்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிறார் என்று செய்தி பரவியது. வெடிச்சத்தம் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஒரு கட்சி. சூரமங்கலத்தில் ஒரு துரைசானி மருந்து வைத்துவிட்டாள் என்று இன்னொரு கட்சி.

அதனால் ஒரு புதன்கிழமை அவர் மனைவி பாவாயி அம்மாளும் கூடவே பஸ்ஸில் வந்து இறங்கினார். மெலிந்த உடம்பு, கூர்மையான பார்வை. வராந்தாவில் நிற்காமல் நேரே கூடத்துக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒரு நேரத்துக்கு ஒரு ஆள் என்ற சட்டத்தை மிஸ் எடுத்துச் சொல்லவே இல்லை. பாவாயி அம்மாளின் பார்வை அப்படி. கதவு திறந்தே இருந்ததால் நானும் பார்த்தேன்.

கவுண்டர் வாசித்தார். மிஸ், "மறுபடியும்" என்றார். வாசித்தார். "மறுபடியும்." வாசித்தார். "தோள எறக்கு. மறுபடியும்." இப்படியே முக்கால் மணி.

முடிந்ததும் பாவாயி அம்மாள் எழுந்து மிஸ்ஸின் பக்கத்தில் போனார்.

"ஏனுங்க, எங்கூட்டுல இந்த மனுசன் என்ர பேச்ச ஒருக்காச் சொன்னாக்கூடக் கேக்கமாட்டாரு. இங்க நீங்க பத்துத்தடவ சொல்றீங்க, பத்துத்தடவையும் செய்யறாரு. இது என்ன வித்தைங்க? எனக்கும் சொல்லுங்க."

"நீயும் மறுபடியும்னு சொல்லு" என்றார் மிஸ்.

பாவாயி அம்மாள் அதைப் பரீட்சித்துப் பார்த்ததாகவும், சாணி வழிக்கிற விஷயத்தில் அது பலிக்கவில்லை என்றும் பின்னால் எனக்குத் தெரியவந்தது. ஆனால் அன்றிலிருந்து புதன்கிழமைகளில் மிஸ்ஸுக்கு எருமப்பட்டியிலிருந்து தயிரும் கடலைக்காயும் வரத் தொடங்கின.

இரண்டு வருஷத்தில் கவுண்டர் உண்மையிலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டார். மெதுவாகத்தான். ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் பாறையில் குழி போட்ட மாதிரி இடம் தவறாமல் விழும். அப்போதுதான் மிஸ் அவருக்கு ஒரு நடனப் பாட்டை, மிஸ் அதைத் துண்டு என்பார், எட்டு விரலுக்கு மாற்றி எழுதிக் கொடுத்தார். ஐரோப்பாவில் எப்போதோ யாரோ பெரிய வீட்டுக் கூடத்தில் ஆடுவதற்காக எழுதியது. அழகான துண்டு. ஒரே ஒரு கஷ்டம், அதன் நடுவில் நாலு எண்ணிக்கைக்கு மௌனம். இரண்டு கையும் கட்டைமேல் இருக்க வேண்டும், ஒன்றும் வாசிக்கக் கூடாது. இங்கிலீஷில் அதற்கு ரெஸ்ட் என்று பெயர்.

அந்த ரெஸ்ட்டில்தான் கவுண்டர் விழுந்தார். அது வந்ததும் இடது கை தானாகப் பின்னால் போய்விடும். இரண்டாவது எண்ணிக்கைக்குள் ஆளே எழுந்துவிடுவார். ஒருநாள் எழுந்து வராந்தா வரைக்கும் வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் சுதாரித்துக்கொண்டு, "வெத்தல துப்ப வந்தனுங்க" என்றார். வாயில் வெற்றிலை இல்லை.

நான் சிரித்தேன். மிஸ்ஸும் முதலில் சிரித்தார், பிறகு திட்டினார், பிறகு கவலைப்பட்டார். "ரெஸ்ட்னா ஓய்வு மேன். சும்மா இருக்கணும். இதுல என்ன கஷ்டம்?"

"ஓய்வுன்னா எனக்கு ஏனுங்க நெஞ்சு இப்படி அடிக்குது?" என்றார் அவர்.

காரணத்தை அவர் ஒருநாள் வராந்தாப் படியில் உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவுமில்லை.

"ஆறு குழி வெச்சிருந்தமுங்க. திரி பத்த வெச்சுட்டு மேல வந்து எண்ணறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு வெடிச்சுது. ஆறாவது வெடிக்கல. சித்த நேரம் பாத்தேன். சத்தமே இல்ல. நமுத்துப்போச்சாட்ட இருக்குதுன்னு எறங்கிப் போயித் திரியத் தொட்டேன். அப்ப வெடிச்சுதுங்க." இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "சத்தம் வந்தா எனக்குப் பயமில்லீங்க அம்மணி. எத்தன பெரிய சத்தம்னாலும் பயமில்ல. வரவேண்டிய எடத்துல வராம இருக்குது பாருங்க, அதுதான்."

எனக்கு நான் சிரித்தது ஞாபகம் வந்து முகம் சுட்டது.

அந்தத் துண்டை விட்டுவிடலாம், வேறு பாட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். மிஸ் அடுத்த புதன்கிழமை அவரைப் பியானோவுக்கு முன்னால் உட்காரவைத்து, காதைப் பியானோவின் முன்பலகைமேல் வைக்கச் சொன்னார். ஸ்வரத்தை நீளவிடுகிற மிதியைக் காலால் அழுத்திக்கொண்டு அடித்தளத்தில் ஒரு ஸ்வரத்தை அமுக்கினார். கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு வராந்தாவில் எதுவும் கேட்காதபோது, "இப்ப?" என்றார்.

"இருக்குதுங்க."

இன்னும் கொஞ்ச நேரம். "இப்ப?"

"உள்ள எங்கியோ இருக்குதுங்க அம்மணி. போகல இன்னும்."

பாறைக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டுப் பழகியவர். மற்றவர்களுக்கு முடிந்துபோன இடத்தில் அவருக்கு இன்னும் இருந்தது. அன்றிலிருந்து அவருடைய காகிதத்தில் மட்டும், அந்த மௌனத்தின் மேல் மிதியை அழுத்திக்கொள்ளும்படி மிஸ் ஒரு குறி போட்டுக்கொடுத்தார். கவுண்டர், ஸ்வரம் தேய்ந்து தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கப் பழகினார். ஆறு மாதம் போன பிறகு, ஒருநாள் மிஸ் ரப்பரை எடுத்து அந்தக் குறியை அழித்துவிட்டார். கவுண்டர் அழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆகட்டுங்க" என்றார். ஆனால் கை இன்னும் சில நாள் பின்னால் போகத்தான் செய்தது.

இந்த நிலைமையில்தான் டிசம்பர் மாதம் மிஸ்ஸின் மாணவர்கள் எல்லோரும் வாசித்துக்காட்டுகிற நாள் வந்தது. ஜங்ஷன் பக்கத்தில் ஒரு மண்டபம், சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. மாணவர்கள் பத்துப் பதினோரு பேர். கவுண்டரையும் என்னையும் தவிர எல்லாம் கவுன் போட்ட சின்னக் குழந்தைகள். "உங்க வீட்டு ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க" என்று மிஸ் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எல்லோரும் அம்மா அப்பாவை அழைத்துவந்தார்கள். எருமப்பட்டியில் வீட்டு ஆட்கள் என்றால் யார் என்று மிஸ்ஸுக்குத் தெரியாது.

ஒரு முழு பஸ் வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் இறங்கி முடிந்ததும் மேலே இருந்தவர்கள் இறங்கினார்கள். பங்காளிகள், மாமன் மச்சான்கள், கிணற்றில் அவரோடு வேலை செய்கிற ஆட்கள், ஒரு பூசாரி. கட்டுச்சோற்று மூட்டையும் வறுத்த கடலையும் கொண்டுவந்திருந்தார்கள். ரயில்வே உத்தியோகஸ்தர்களின் மனைவிமார் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எருமப்பட்டி அவர்களுக்கு முன்னால் தரையில் அமர்ந்து கடலையை உடைக்க ஆரம்பித்தது. ஏழு வயதுக் குழந்தை ஒன்று வாசிக்க வந்ததும், "பாவம் புள்ள, இத்தன பேருக்கு முன்னால தனியா உக்கார வெச்சுட்டாங்களே" என்று ஒரு அம்மாள் இரக்கப்பட்டுக் கடலையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். குழந்தை வாசிப்பை நிறுத்திவிட்டுத் தின்றது.

நானும் வாசித்தேன். பிரார்த்தனைப் பாட்டு ஒன்று. இரண்டு இடத்தில் தப்பு. தலைமையாசிரியை வந்திருந்தார். தப்பு அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பேசாமல் இருந்தார். என் வேலை அன்றைக்கு நிரந்தரமாயிற்று.

கடைசியில் கவுண்டர் வந்தார். சலவை வேட்டி, யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு, உருமால். வந்ததும் உட்காரவில்லை. அது அவருக்குப் பழக்கமில்லாத பியானோ. சுற்றி வந்தார். பின்பக்கம் மூன்று தடவை தட்டிக் கேட்டார். திருப்தியான பிறகு உட்கார்ந்தார். நாற்காலிக்காரர்களில் யாரோ சிரித்தார்கள். தரைக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. தட்டிப் பார்க்காமல் அவர் எந்த வேலையையும் ஆரம்பித்து அவர்கள் கண்டதில்லை.

வாசித்தார். வேகமில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் அன்று ஒவ்வொரு ஸ்வரமும் முழுசாகக் கேட்டது அவர் வாசித்தபோதுதான். கடலை உடைக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பிறகு அந்த இடம் வந்தது.

இரண்டு கையும் நின்றன. சத்தம் போய்விட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவாயி அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முன்னால் இருந்த கிணற்று ஆட்கள் யாரும் மூச்சு விடவில்லை. சத்தம் வரவேண்டிய இடத்தில் வராமல் போனால் என்ன என்று அங்கே இருந்தவர்களில் அவர்களுக்குத்தான் தெரியும். அவருடைய இடது கை கட்டையை விட்டு ஓர் அங்குலம் எழும்பியது. நான் பார்த்தேன். அங்கேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கிக் கட்டைமேல் உட்கார்ந்தது.

நாலு எண்ணினேன். அவர் வாசிக்கவில்லை. ஆறு எண்ணினேன். மறந்துவிட்டாரோ என்று மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். பிறகு கவுண்டர், ஒன்றும் நடக்காததுபோல, விட்ட இடத்திலிருந்து தொடங்கிக் கடைசிவரைக்கும் வாசித்து முடித்தார்.

யாரும் கை தட்டவில்லை. எருமப்பட்டிக்குக் கை தட்ட வேண்டும் என்று தெரியாது, நாற்காலிக்காரர்களுக்கு மறந்துவிட்டது. பாவாயி அம்மாள்தான் முதலில் பேசினார்.

"முடிஞ்சுதுங்களா? இன்னொருக்கா வாசிக்கச் சொல்லுங்க. பின்னால இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது."

அதற்குப் பிறகு கை தட்டல் வந்தது. வெளியே பஸ்ஸுக்குப் பக்கத்தில் கட்டுச்சோறு பிரிக்கும்போது மிஸ் அவரிடம் வந்தார்.

"நாலு எண்ணச் சொன்னேன். நீ பத்து எண்ணின."

"ஆமாங்க அம்மணி" என்றார் கவுண்டர். "நல்லாருந்துச்சுங்க. எந்திரிச்சு வர மனசே வரல."

மிஸ் தலையைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார்.

அதற்குப் பிறகு கவுண்டர் மேடை ஏறவில்லை. ஆனால் புதன்கிழமை பாடத்தை விடவில்லை. இனிமேல் கற்றுக்கொடுக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று மிஸ் சொன்னபோது, "கேக்கறதுக்கு எங்கிட்ட இருக்குதுங்களே" என்றார். யுத்தம் வந்தது. வெடிமருந்துக்குக் கட்டுப்பாடு வந்து கிணற்று வேலை நின்றுபோனது. மிஸ்ஸின் தங்கை பெங்களூரில் நோய்வாய்ப்பட்டு, மிஸ் பியானோவையும் ஏற்றிக்கொண்டு அங்கே போய்விட்டார். கவுண்டருக்குப் போக இடமில்லாமல் போயிற்று என்று நினைத்து வருத்தப்பட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, பள்ளிக்கூட வாசலில் உருமால் தெரிந்தது. கையில் ஒரு தபால் உறை. பெங்களூரிலிருந்து வந்தது. உள்ளே கோடு போட்ட காகிதம், மிஸ்ஸின் கையெழுத்து, எட்டு விரலுக்கு எழுதிய புதிய துண்டு. ஓரத்தில் இங்கிலீஷில் குறிப்புகள். அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று வந்திருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டிருந்தது. பிரார்த்தனைக் கூடத்தின் சாவி இப்போது என்னிடம்தான் இருந்தது. கதவைத் திறந்து அவரை உட்காரவைத்துக் குறிப்புகளைப் படித்துச் சொன்னேன். அவர் வாசித்தார். சந்தேகம் வந்தால் கேட்டார். எனக்குத் தெரியாததை இருவருமாக எழுதி அனுப்பி மிஸ்ஸிடம் கேட்டோம். அடுத்த வாரமும் உறை வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது.

ஒரு நாள் தலைமையாசிரியை சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றார். பெண்கள் பள்ளிக்கூடத்தில், மீசை நரைத்த ஒரு மனிதர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் முடிக்கும்வரை தலைமையாசிரியை நின்று கேட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யார் இவர் என்று கேட்டார்.

"என்கூடப் படிச்சவர், மேடம்" என்றேன்.